நிறுத்தி வைத்த காரை யாரோ இடித்துவிட்டுப் போனால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு அங்கே கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரிய காரியம். ஆடு ஏற்றிய டாடா ஏஸ் ஒரு பக்கம், தக்காளிக் கிரேடு அடுக்கிய பிக்கப் இன்னொரு பக்கம், நடுவில் நம் கார். பையை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தால் பின்கதவில் பள்ளம், டெயில் லைட் உடைந்திருக்கிறது, பம்பர் ஒரு பக்கம் தொங்குகிறது. இடித்த வண்டியைக் காணோம். பக்கத்தில் கடை போட்டிருக்கும் அம்மாவிடம் கேட்டால், "இப்பத்தான் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்துச்சு சாமி, நம்பரெல்லாம் பாக்கலையே" என்பார்.

இதைக் கேட்டதும் பலர் தலையில் அடித்துக்கொண்டு நேராக டிங்கர் கடைக்குப் போய்விடுகிறார்கள். "இடிச்சது யாருன்னே தெரியாது, இன்சூரன்ஸ்காரங்க எப்படிக் கொடுப்பாங்க?" என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. இடித்தவர் யார் என்று தெரியாவிட்டாலும் உங்கள் காருக்கு உங்கள் பாலிசியிலிருந்தே பணம் கேட்கலாம். அதற்கு என்ன வேண்டும், எப்போது கேட்பது லாபம், எப்போது பேசாமல் கைக்காசு போட்டுக்கொள்வது நல்லது என்பதைப் பார்ப்போம்.

முதலில் பாலிசியை எடுத்துப் பாருங்கள்

கார் இன்சூரன்ஸில் இரண்டு தனித்தனிப் பொறுப்புகள் உண்டு. ஒன்று தேர்ட் பார்ட்டி. நம் வண்டியால் அடுத்தவர் உயிருக்கோ உடலுக்கோ பொருளுக்கோ கேடு வந்தால் அவர்களுக்கு ஈடு கொடுப்பது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு கட்டாயமாக்குவது இதை மட்டும்தான். இரண்டாவது ஓன் டேமேஜ். நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கானது. இரண்டும் சேர்ந்த பாலிசியைத்தான் ஊரில் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்கிறோம். வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தால், நிறுத்தி வைத்த காருக்கு நேர்ந்த சேதத்துக்கு உங்கள் கம்பெனியிடமிருந்து ஒரு பைசா வராது.

இதில் புதுக் கார் வாங்கியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் கார்களுக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸைச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓன் டேமேஜ் பெரும்பாலும் முதல் வருடத்துக்கு மட்டும்தான் அதோடு வரும். "ஷோரூம்லயே மூணு வருஷத்துக்குக் கட்டியாச்சுங்க" என்று நிம்மதியாக இருப்பார்கள். இரண்டாம் வருடம் யாராவது இடித்த பிறகுதான், நம் காருக்கான பகுதி முடிந்து மாதக்கணக்காகிறது என்று தெரியவரும். பாலிசித் தாளின் முதல் பக்கத்தில் இரண்டு காலாவதித் தேதிகள் தனித்தனியாக இருக்கும். இதைப் படித்து முடித்ததும் அந்தத் தாளை எடுத்து ஓன் டேமேஜ் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

ஓன் டேமேஜ் இருந்தால், கம்பெனி கேட்பது என்ன நடந்தது, எவ்வளவு சேதம் என்ற இரண்டைத்தான். செய்தவர் யார் என்பது கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காக க்ளைம் நின்றுபோகாது.

நின்ற காருக்கு என்னென்ன நேரலாம்

அடுத்த வண்டி இடிப்பது மட்டும் இல்லை. தீ, இடி, புயல், வெள்ளம், ஆலங்கட்டி, நிலச்சரிவு, திருட்டு, கலவரம், யாரோ வேண்டுமென்றே செய்த சேதம், வெளியிலிருந்து விபத்தாக நேர்ந்த சேதம் என்று பாலிசியில் ஒரு பட்டியலே உண்டு. மாந்தோப்பில் நிறுத்திய கார் மேல் காற்றில் கிளை முறிந்து விழுந்தால் இதில் அடங்கும். கோடை மழையில் ஆலங்கட்டி விழுந்து கூரை முழுக்கக் குழி குழியாகப் போனாலும் அடங்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகி விளையும் காலத்தில் வரும் யானை வீட்டு வாசலில் நின்ற காரைத் தள்ளிவிட்டுப் போனாலும் அது வெளியிலிருந்து நேர்ந்த விபத்துதான். எலி ஒயரைக் கடித்தால் மட்டும் கொஞ்சம் இழுபறி. சில கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும், சில தேய்மானம், மின்கோளாறு என்று பேசிப் பார்க்கும்.

கண்ணாடியை உடைத்து உள்ளே இருந்த லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போனால், கண்ணாடிக்குப் பணம் உண்டு, லேப்டாப்புக்கு இல்லை. கார் பாலிசி காருக்குத்தான். நீங்களே பின்னால் பொருத்திய மியூசிக் சிஸ்டம், அலாய் வீல் போன்றவற்றைப் பாலிசியில் தெரிவித்துச் சேர்த்திருந்தால்தான் அவற்றுக்குக் கேட்க முடியும்.

வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் உள்நாட்டுக்குள் நகர்ந்து வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போன காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. கடல் எங்கோ இருக்கிறது, புயல் நமக்கென்ன செய்யும் என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இனி யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு ஓன் டேமேஜில் பணம் உண்டு. ஆனால் தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறோமே, அங்கேதான் காரியம் கெடுகிறது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது என்ஜினைச் சுற்றினால், தண்ணீர் அமுங்காது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் அல்லது உடைந்துவிடும். வெள்ளம் செய்தது வேறு, ஸ்டார்ட் பண்ணியதால் வந்தது வேறு என்று கம்பெனி பிரித்துவிடும். இரண்டாவதற்குப் பணம் வேண்டுமென்றால் என்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பிரிவை முன்பே எடுத்திருக்க வேண்டும். மூழ்கிய காரைத் தொடாதீர்கள். முடிந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கட்டி இழுக்கும் வண்டிக்குச் சொல்லுங்கள்.

காரை நகர்த்துவதற்கு முன்

போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாத வரை, கார் நின்ற இடத்திலேயே இருக்கட்டும். போனை எடுத்து முதலில் தூரத்திலிருந்து படம் எடுங்கள். கார் எப்படி நிற்கிறது, பின்னால் என்ன கடை, எந்த ரோடு என்பது தெரிய வேண்டும். பிறகு நம்பர் பிளேட்டும் சேதமும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். அதன் பிறகுதான் கிட்டப் போய்ப் பள்ளத்தையும் கீறலையும் எடுக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் பள்ளத்தை மட்டும் பெரிதாக எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் படத்தை வைத்து அது எந்தக் கார், எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியாது. தரையில் கிடக்கும் லைட் துண்டு, கதவில் ஒட்டியிருக்கும் வேறு வண்டியின் பெயிண்ட், எதையும் துடைக்காதீர்கள்.

எதிர்க் கடையில் கேமரா இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். கடைக் கேமராக்களில் பழைய பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்து புதுசு ஏறிவிடும். அடுத்த வாரம் வந்து கேட்டால் இருக்காது. "அண்ணா, அந்த ஒரு பத்து நிமிஷம் மட்டும் போன்ல புடிச்சுக்கிறேன்" என்று தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அடுத்து கம்பெனிக்குத் தகவல். பாலிசித் தாளில் இருக்கும் இலவச எண்ணிலோ ஆப்பிலோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள், க்ளைம் எண் ஒன்று தருவார்கள். தாமதம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக நியாயமான க்ளைமைத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இருந்தாலும், ஏன் இத்தனை நாள் என்ற கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு இருப்பதைவிட அன்றைக்கே ஒரு போன் போடுவது சுலபம். ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன் என்று இருந்துவிட வேண்டாம். அவர் கம்பெனிக்குச் சொல்லி, எண் வந்தால்தான் பதிவானதாகக் கணக்கு.

போலீஸ் வேண்டுமா? சின்னப் பள்ளம், கீறலுக்குப் பொதுவாகக் கம்பெனிகள் கேட்பதில்லை. திருட்டு, தீ வைப்பு, கண்ணாடி உடைப்பு, கலவரம், யாருக்காவது காயம் என்றால் கட்டாயம் புகார் வேண்டும். இடித்தவர் யார் என்று தெரியாமல் சேதம் பெரிதாக இருந்தாலும் ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைப்பது நல்லது. எஃப்.ஐ.ஆர். போட மாட்டேன் என்றால்கூட சி.எஸ்.ஆர். கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு தாளே பல இடங்களில் போதும். ஓசூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் அத்திப்பள்ளிப் பக்கம் நிறுத்திய காரில் அடிபட்டால், புகார் அங்கே உள்ள ஸ்டேஷனில்தான் முறை. இன்சூரன்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும், காரை வழக்கம்போல் ஓசூரிலேயே சரிசெய்யலாம்.

இடித்தவர் கையும் களவுமாகக் கிடைத்துவிட்டால்? ஆயிரமோ இரண்டாயிரமோ நீட்டி "முடிச்சுக்கலாங்க" என்பார். வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். வாங்கிக்கொண்டு அதே சேதத்துக்கு இன்சூரன்ஸிலும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். அவருடைய தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸிலிருந்து ஈடு கேட்கவும் சட்டத்தில் வழி உண்டு. தனியார் கார்களின் பாலிசியில் பிறர் பொருள் சேதத்துக்குப் பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பு எழுதியிருக்கும். ஆனால் அதற்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒரு கதவுப் பள்ளத்துக்காக வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்கு நடக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது! அவர் வண்டி நம்பரை மட்டும் உங்கள் க்ளைமில் எழுதுங்கள். அவரிடமிருந்து வசூலிப்பது உங்கள் கம்பெனியின் பாடு. "இடித்துவிட்டு ஓடிப்போனால் அரசாங்கம் பணம் தருமாமே" என்று சிலர் கேட்பார்கள். அந்தத் திட்டம் உயிரிழப்புக்கும் பலத்த காயத்துக்கும் மட்டும், வண்டிச் சேதத்துக்கு இல்லை.

"செவுத்துல மோதிட்டேன்னு எழுதிடுங்க"

இந்த யோசனை உங்கள் காதுக்கு வராமல் இருக்காது. ஒர்க்ஷாப்பில் சொல்வார்கள், ஏஜென்ட் சொல்வார், மச்சான் சொல்வார். "யாரோ இடிச்சாங்கன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நீங்களே ரிவர்ஸ் எடுக்கும்போது காம்பவுண்டு செவுத்துல மோதிட்டீங்கன்னு எழுதினா கதை முடிஞ்சுது." சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் செய்யாதீர்கள்.

க்ளைம் படிவத்தின் கீழே, மேலே எழுதியதெல்லாம் உண்மை என்று ஒரு வரி இருக்கும், அதில்தான் கையெழுத்துப் போடுகிறோம். பொய் என்று தெரிந்தால் சேதம் நிஜமாகவே இருந்தாலும் மொத்தத்தையும் மறுக்க அது போதும். தெரிய எத்தனையோ வழி இருக்கிறது. சுவரில் மோதினால் சிமெண்டுத் தூளும் சுண்ணாம்பும் ஒட்டும், டெம்போ இடித்தால் டெம்போவின் பெயிண்ட் ஒட்டும். சுவர் அகலமாக அமுக்கும், பிக்கப்பின் பின் மூலை ஒரே இடத்தில் குத்தும், அதுவும் உயரத்தில். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும், வருடக்கணக்காக இதையே பார்க்கும் சர்வேயருக்கு இது தெரியாமல் போகாது.

இதைவிட வேடிக்கை, பொய் சொன்னால்தான் கேள்வி அதிகம். நீங்கள் ஓட்டினீர்கள் என்று எழுதிய நிமிடமே, லைசென்ஸ் செல்லுபடியில் இருந்ததா, யார் ஓட்டினார்கள், குடித்திருந்தார்களா, சுவருக்குச் சொந்தக்காரருக்கு நஷ்டமா என்று எல்லாம் உள்ளே வந்துவிடும். நின்ற காரில் ஓட்டுநரே இல்லை. கடைசியாக ஓட்டி வந்தவர் விவரத்தைப் படிவத்தில் கேட்பார்கள், அதோடு சரி.

எழுத வேண்டியது இவ்வளவுதான்: "ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்குப் போச்சம்பள்ளி சந்தை அருகே ரோட்டோரம் காரை நிறுத்திப் பூட்டிவிட்டுச் சென்றேன். பதினொன்றே கால் மணிக்குத் திரும்பியபோது பின் இடது கதவு, பின் பம்பர், இடது டெயில் லைட் சேதமடைந்திருந்தன. இடித்த வாகனம் எது என்று தெரியவில்லை. காரில் யாரும் இல்லை, யாருக்கும் காயமில்லை." பார்க்காததை ஊகித்து எழுத வேண்டாம். லாரியாகத்தான் இருக்கும் என்று தோன்றினாலும் லாரி என்று எழுதாதீர்கள். ஆங்கிலத்தில் நிரப்ப ஏஜென்டிடம் கொடுத்தால், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆசை, பழைய கீறல்களையும் இதிலேயே சேர்த்துவிடுவது. "எப்படியும் க்ளைம் போடறோம், முன்பக்க பம்பரையும் சேர்த்து அடிச்சுக்கலாம்." பின்னால் வாங்கிய இடிக்கு முன் பம்பர் எப்படி உடையும்? பழைய பள்ளத்தில் தூசி படிந்திருக்கும், கீறலின் ஓரம் துரு ஏறியிருக்கும். புதுசு பளிச்சென்று தகரம் தெரியும். வேறு நாளில் வேறு விதத்தில் நேர்ந்தது வேறு க்ளைம், அதற்குத் தனிக் கழிவு, அதாவது ஒவ்வொரு க்ளைமிலும் நம் கையிலிருந்து போகும் ஒரு தொகை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

க்ளைம் போட முடியும் என்பதாலேயே போட வேண்டும் என்றில்லை. படமும் தகவலும் முதல் நாளே முடிந்துவிட்டது. ஒர்க்ஷாப்பில் எஸ்டிமேட் வாங்கிய பிறகு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

நம் சந்தைக் காரையே எடுத்துக்கொள்வோம். 1,500 சி.சி.க்குக் குறைந்த சின்னக் கார். எஸ்டிமேட் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: புது பம்பர் 4,000, டெயில் லைட் 3,000, கதவுப் பள்ளம் எடுக்க டிங்கர் கூலி 2,500, கதவுக்கும் பம்பருக்கும் பெயிண்டிங் 8,000. மொத்தம் 17,500 ரூபாய்.

கம்பெனி இதை அப்படியே தராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். ஆக பம்பருக்கு 2,000, லைட்டுக்கு 1,500. கூலியில் கழிவு கிடையாது, 2,500 முழுசாக வரும். பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பெயிண்ட் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். 8,000-இல் கால் பங்கு 2,000, அதில் பாதி 1,000 போக 7,000. கண்ணாடி உடைந்திருந்தால் அதற்குத் தேய்மானமே இல்லை. தகரப் பாகங்களை மாற்றினால் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு, முதல் ஆறு மாதத்தில் ஒன்றும் இல்லை, பத்து வருடம் தாண்டினால் பாதி. இப்போது கூட்டினால் 13,000 வருகிறது. இதில் கட்டாயக் கழிவு ஒன்று உண்டு. 1,500 சி.சி. வரை 1,000, அதற்கு மேல் 2,000. ஆக கைக்கு வருவது 12,000, நம் பாக்கெட்டிலிருந்து 5,500. மாற்றிய பழைய பாகத்துக்கு ஏதாவது விலை இருந்தால் அதையும் கொஞ்சம் பிடிப்பார்கள்.

ஜீரோ டெப், அதாவது ஊரில் சொல்லும் "பம்பர் டு பம்பர்" எடுத்திருந்தால் தேய்மானக் கழிவு இல்லை. 1,000 மட்டும் போக 16,500 வரும். ஆன்லைனில் பாலிசி எடுத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிரீமியம் குறைகிறதே என்று விருப்பக் கழிவு என்ற கட்டத்தில் 2,500 அல்லது 5,000 என்று டிக் போட்டிருப்பீர்கள். அதுவும் இங்கே கழியும்.

வரவு தெரிந்தது. செலவு எங்கே என்றால் நோ க்ளைம் போனஸில். க்ளைம் போடாத வருடங்களுக்குப் பரிசாக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். ஒரு க்ளைம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் அது பூஜ்யம். ஏணியில் மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

தள்ளுபடிக்கு முன் உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 6,000, இப்போது 45 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். க்ளைம் போடாவிட்டால் அடுத்த வருடம் 50 சதவீதம், 3,000 கட்டினால் போதும், அதன் பிறகும் அப்படியே. க்ளைம் போட்டால் வரிசையாக 6,000, 4,800, 4,500, 3,900, 3,300 என்று கட்டி ஆறாவது வருடம்தான் 3,000-க்கு வருவீர்கள். ஒவ்வொரு வருட வித்தியாசம் 3,000, 1,800, 1,500, 900, 300. கூட்டினால் 7,500, ஜிஎஸ்டி தனி. கார் பழசாகப் பிரீமியமும் இறங்கும் என்பதால் உண்மையில் இது கொஞ்சம் குறையும்.

12,000 வாங்க 7,500 இழக்கிறோம். போடலாம். அதே காரில் கதவு மட்டும் பள்ளமாகி, டிங்கர் கூலி 1,500, பெயிண்டிங் 5,000 என்று வந்திருந்தால்? பெயிண்டிங்கில் 4,375, கூலி 1,500, கழிவு 1,000 போக 4,875 வரும். அதற்காக 7,500-ஐ விடுவது வேண்டாத வேலை. தகவல் சொல்லிவிட்டோமே என்று தயங்க வேண்டாம், பணம் வாங்காமல் க்ளைமைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதை எழுத்தில் கொடுத்து, போனஸ் பாதிக்காது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் வருடப் பாலிசியில் இருப்பவர்களுக்கு இழக்கப் பெரிய போனஸ் இல்லை, சின்னத் தொகைக்கே கேட்கலாம். போனஸ் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்தவர்களும் அப்படியே.

சர்வேயர், ஒர்க்ஷாப், பில்

சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் சரிசெய்யக் கூடாது. தொங்கும் பம்பரைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போகலாம், அது வேறு. இப்போது சின்னச் சேதத்துக்கு ஆப்பில் வீடியோ எடுத்து அனுப்பினாலே போதும் என்கிற கம்பெனிகள் நிறைய. 50,000 ரூபாய்க்குக் கீழே உள்ள மோட்டார் சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சர்வேயர் தேவைப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 ஜூனில் ஆணையம் போட்ட உத்தரவு. இழுத்தடித்தால் இந்த நாட்கணக்கைச் சொல்லி ஒரு மெயில் அனுப்புங்கள், வேகம் வரும்.

சர்வேயர் வரும்போது நீங்களும் கூட இருங்கள். ஒர்க்ஷாப்பில் கதவை மாற்ற வேண்டும் என்பார்கள், இவர் தட்டி எடுத்தால் போதும் என்பார். வெளியே தெரியாத கிளிப், பிராக்கெட், உள்பக்கத் தகரம் எல்லாவற்றையும் அப்போதே காட்டிவிட வேண்டும். பம்பரைக் கழற்றிய பிறகு புதிதாக ஏதாவது தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும்.

கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஒர்க்ஷாப் என்றால் கேஷ்லெஸ், நம் பங்கை மட்டும் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். ஓசூரில் இது சுலபம். அரூர், ஊத்தங்கரை, பாலக்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு வருடக்கணக்காகத் தெரிந்த டிங்கரிடம் விடத்தான் மனசு வரும். விடலாம், தடை இல்லை. முழுப் பணத்தையும் நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒழுங்கான பில் வேண்டும், ஜிஎஸ்டி எண், பாகம் தனி, கூலி தனி. "பில்லெல்லாம் எதுக்குண்ணா, கம்மி பண்ணித் தரேன்" என்கிற கடையில் க்ளைம் வேலையைக் கொடுக்காதீர்கள். அங்கே கைக்காசு வேலையை வைத்துக்கொள்ளுங்கள், அதில் அவர்களை அடிக்க ஆளில்லை.

ஆர்.சி., பாலிசி, லைசென்ஸ் நகல், பான், ஆதார், ரத்து செய்த காசோலை, எஸ்டிமேட், பில், பணம் கட்டிய ரசீது. பொதுவாக இவ்வளவுதான் கேட்பார்கள். புகைச் சான்றிதழ் முடிந்துபோயிருந்தால் அதைச் சொல்லி மறுப்பார்களோ என்று பயம் உண்டு. அந்த ஒரு காரணத்துக்காக க்ளைமை மறுக்க முடியாது என்று ஆணையம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கிவிட்டது. ஆனால் வெள்ளை போர்டு காரை ஒகேனக்கல் சவாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தபோது நடந்ததென்றால் அது உண்மையிலேயே சிக்கல். தனிப்பட்ட உபயோகத்துக்கு என்றுதான் அந்தப் பாலிசி.

மறுத்துவிட்டால்

வாயால் மறுத்தால் ஏற்காதீர்கள். எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு அதே கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் இருக்கும், இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள், தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சென்னைக்கு எழுதுவதெல்லாம் ஒத்துவராது என்றால் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. அங்கே இரண்டு வருடம் வரை அவகாசம். நாம் கட்டிய பிரீமியம் எப்படியும் 5 லட்சத்துக்குள்தான் இருக்கும் என்பதால் அங்கேயும் மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் ஓம்புட்ஸ்மேனைவிட அங்கே நாள் அதிகம் பிடிக்கும். அதனால் முதலில் சென்னைக்கு எழுதிப் பார்ப்பதையே சொல்வேன். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் போட முடியாது, நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் ஓம்புட்ஸ்மேன் அந்த மனுவை எடுக்க மாட்டார்.